கண்ணடிக்கும் கம்ப்யூட்டர்!

ராத்திரி பத்தே முக்காலுக்கு போன் அடித்தால் எனக்கு இரண்டே சந்தேகம்தான் வரும். ஒன்று, சொந்தத்தில் யாரோ 'போய்'விட்டார்கள். இல்லையென்றால், யாருக்கோ அவசரமாகப் பணம் வேண்டும். அன்றைக்கு இரண்டும் இல்லை. குரோம்பேட்டையிலிருந்து அக்கா பையன்.

"மாமா... மானிட்டர் கண்ணடிக்குது!"

"யாரைப் பார்த்துடா?"

"விளையாடாதீங்க மாமா. நாளைக்குக் காலையில இதை எடைக்குப் போட்டுடுவேன்னு அப்பா சத்தம் போடறாரு."

விஷயம் சீரியஸ்தான். அந்தக் கம்ப்யூட்டர் சும்மா வந்ததில்லை. பையன் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டே ஒன்றரை வருஷம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து காசு சேர்த்தான். பற்றாத நாற்பதாயிரத்தை அத்தான் கடனாகக் கொடுத்தார். (கடன்தான்! டைரியில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்.) பகலில் அதில் மணமக்கள் மாலை மாற்றுவார்கள். ராத்திரியானால் அதே திரையில் டுமீல் டுமீல். இப்போது திரை நடுநடுவே படபடக்கிறது. சில சமயம் இரண்டு வினாடி கன்னங்கரேல். கொடுத்த கடனும் கறுத்துப் போய்விட்டதாக அத்தான் நினைக்கிறார்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள்? நான் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கட்டுரை எழுதுகிறேனாம். அதனால் கம்ப்யூட்டர் தெரியுமாம். பேனாவில் எழுதின காலத்தில் எங்களை யாரும் பேனா ரிப்பேருக்குக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் போனேன். கேஸ் அதற்குள் ஊர் சிரித்திருந்தது. "கிராஃபிக்ஸ் கார்டு போச்சு. புதுசு போட்டா 32,000" என்று கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறக்காமலே தீர்ப்பு எழுதியிருந்தார். பையனின் நண்பன், "மானிட்டரை மாத்துடா" என்றான். அத்தானின் கட்சி, "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விளையாடினா மெஷினுக்கும்தானே தூக்கம் வரும்?" அத்தானின் அம்மா மட்டும் பேச்சில் நேரத்தை வீணாக்கவில்லை. மானிட்டர் தலையில் ஓர் எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் தொங்கின.

"எதிர் வீட்டுக்காரி வந்து பார்த்துட்டுப் போனாப்பா. அன்னிலேர்ந்துதான்!"

நான் படித்தது பி.காம். திருஷ்டிக்கு அங்கே பேப்பர் கிடையாது. ஆனால் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லையென்றால் பதறக் கூடாது. வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிவிட்டுத் தூங்கவும் கூடாது. ஒவ்வொரு என்ட்ரியாக டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. 32,000 ரூபாய்க்குப் புது கார்டு போடுவது என்பது சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

* * *

முதலில் ஒரு சின்ன விஷயம். படபடப்பு என்பது புதுசு இல்லை. நம் வீட்டு டியூப் லைட்டே (பழைய சோக் வைத்தது) வினாடிக்கு 100 தடவை மங்கி எழுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை. கண் அவ்வளவு வேகத்தைப் பிரித்துப் பார்க்காததால் நமக்கு ஒரே வெளிச்சமாகத் தெரிகிறது. சினிமாவில் வினாடிக்கு 24 படம்தான். ஆனால் 24 தடவை மட்டும் வெளிச்சம் வந்து போனால் கண் கூசும் என்று, பிலிம் புரொஜக்டரில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு மூன்று தடவை ஷட்டரால் மறைத்து மறைத்துக் காட்டினார்கள். ஆரம்பகால சினிமா கன்னாபின்னாவென்று படபடத்ததால்தான் வெள்ளைக்காரன் அதற்கு 'ஃப்ளிக்ஸ்' என்று செல்லப் பெயர் வைத்தான்.

பழைய குண்டு மானிட்டர்களில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே கோடு கோடாக வரைந்துகொண்டே இருக்கும். 60 ஹெர்ட்ஸில் வைத்தால் தலைவலி. 75, 85 என்று ஏற்றினால் நிம்மதி. இன்றைய எல்.சி.டி. திரை அப்படியில்லை. அடுத்த படம் வரும் வரை முந்தின படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி படபடக்கிறதென்றால் எங்கேயோ ஒரு காரணம் இருக்கிறது என்று அர்த்தம். காரணத்தைத் தேடாமல் சாமானை மாற்றினால், பாக்கெட்தான் படபடக்கும்.

டிக் 1: மானிட்டர். அதன் அடியிலோ முதுகிலோ சின்ன பட்டன் இருக்கும். அழுத்தினால் வெளிச்சம், கலர் மாற்றுகிற மெனு வரும். அந்த மெனுவை வரைவது கம்ப்யூட்டர் இல்லை, மானிட்டரேதான். மெனு ஆடாமல் நிற்க, பின்னால் படம் மட்டும் ஆடினால் குற்றம் வந்து சேரும் சிக்னலில். மெனுவும் சேர்ந்து ஆடினால் சந்தேகம் மானிட்டர் பக்கம் திரும்பும். இன்னொரு பரீட்சை, அதே மானிட்டரில் வேறு கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பது. அக்கா பெண்ணின் லேப்டாப்பை மாட்டினோம். ஒரு மணி நேரம் கல்லு மாதிரி நின்றது. மானிட்டர் நிரபராதி.

டிக் 2: கேபிள். இதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இது. பையனின் திரை 1920-க்கு 1080 புள்ளி. ஒரு புள்ளிக்கு 24 பிட். வினாடிக்கு 144 படம். பெருக்கிப் பாருங்கள். வினாடிக்கு 716 கோடி பிட்டுக்கு மேல்! அதே திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 300 கோடிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சமர்த்தாக இருந்த கேபிள் கேமிங் கம்ப்யூட்டரில் மூச்சு வாங்குகிறது. ஒரு சுலபப் பரீட்சை: விண்டோஸ் செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை 60-க்கு இறக்குங்கள். கோளாறு குறைந்தால் கேபிளின் மேல் சந்தேகப்படுங்கள்.

இறக்கினோம். குறைந்தது! குனிந்து பார்த்தால், மேஜைக்கு அடியில் ஐந்து மீட்டர் டிஸ்ப்ளே போர்ட் கேபிள், பவர் வயரோடு பின்னிப் பிணைந்து ஜோடிப் பாம்பாகக் கிடந்தது.

"எதுக்குடா ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு அஞ்சு மீட்டர் கேபிள்?"

"ஆஃபர்ல கிடைச்சுது மாமா."

ரிச்சி தெருவுக்குப் போய், தரச் சான்று உள்ள இரண்டு மீட்டர் கேபிள் வாங்கி வந்து மாட்டினோம். போகிற போக்கில் இன்னொன்று: கேபிளை மதர்போர்டின் ஓட்டையில் மாட்டிவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டைச் சும்மா உட்கார வைத்திருக்கிற புண்ணியவான்களும் உண்டு. கார்டின் ஓட்டையில்தான் மாட்ட வேண்டும்.

நாளைக்கு இருபது தடவை கறுத்த திரை, ஐந்தாறாகக் குறைந்தது. அத்தான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "இன்னும் அஞ்சாறு இருக்குல்ல?" என்றார்.

டிக் 3: டிரைவர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். திரை படபடக்கும்போது இதுவும் சேர்ந்து படபடத்தால் டிஸ்ப்ளே டிரைவரைச் சந்தேகப்படு. இது மட்டும் சும்மா இருந்து மற்றதெல்லாம் ஆடினால், ஏதோ ஒரு புரோகிராம் ஒத்துப்போகவில்லை. இது மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் வழி. எங்கள் கேஸில் எல்லாமே ஆடியது. பழைய டிரைவரை அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். ஊஹும். அதே ஐந்தாறு. டிரைவரும் விடுதலை.

டிக் 4: நெகிழும் வேகம். இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பையனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் 'ஃப்ளிக்கர்' என்று சொல்வது ஒரு கோளாறு இல்லை, இரண்டு! ஒன்று, இரண்டு வினாடி முழுக் கறுப்பு. இன்னொன்று, விளையாட்டுக்குள் மட்டும், இருட்டான காட்சிகளிலும் லோடிங் நேரத்திலும், லோ வோல்டேஜ் பல்பு மாதிரி வெளிச்சம் ஏறி இறங்குவது.

பின்னது வியாதியே இல்லை, சுபாவம். விளையாட்டில் கார்டு ஒரு சமயம் 140 படம் அனுப்பும், ஒரு சமயம் 40. அதற்குத் தகுந்தபடி மானிட்டரும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். என்விடியா 2013-ல் ஜி-சிங்க் என்று கொண்டுவந்தது. ஏ.எம்.டி.யின் ஏற்பாட்டுக்கு ஃப்ரீசிங்க் என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் படம் சடாரென்று குறைந்து கூடும்போது, சில திரைகளில், முக்கியமாக வி.ஏ. ரகத்திலும் ஓலெட் ரகத்திலும், வெளிச்சம் ஒரே அளவில் நிற்காது. வேகம் மாற மாறத் திரையின் பிரகாசமும் லேசாக மாறும். இருட்டில் அது நன்றாகத் தெரியும். பையனுடையது வி.ஏ. திரை. விளையாட்டில் 'வினாடிக்கு 100 படத்துக்கு மேல் வேண்டாம்' என்று கட்டுப்பாடு போட்டோம். லோடிங் நேரத்து ஆட்டத்துக்காக ஃப்ரீசிங்க்கையும் அணைத்தோம். ஒரு திருடன் பிடிபட்டான்.

இரண்டு திருடர்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததால்தான் இத்தனை நாள் குழப்பம்.

* * *

மிச்சம், அந்தக் கறுப்பு. பையனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தேன். "ஒவ்வொரு தடவையும் திரை கறுத்ததும், மணி என்ன, அந்த நிமிஷம் வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று எழுது." கணக்குப் பிள்ளை புத்தி. டே புக் இல்லாமல் லெட்ஜர் ஏது?

ஒரு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினேன்.

'காலை 6.40. அம்மா மோட்டார் போட்டாள்.'

'காலை 7.05. அம்மா மோட்டார் நிறுத்தினாள்.'

'மதியம் 1.10. சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்தேன்.'

'மாலை 5.30. காலிங் பெல், எழுந்தேன்.'

'இரவு 9.15. அப்பா திட்டினார், எழுந்தேன்.'

எழுந்தேன், எழுந்தேன், எழுந்தேன்! நாற்காலியிலிருந்து எழுந்தால் திரை அணைகிறது! பையனின் நாற்காலி, நெம்புகோலைத் தூக்கினால் 'புஸ்'ஸென்று இறங்கும் கேஸ் லிஃப்ட் ரகம். நம்ப மாட்டீர்கள். இது உலகம் அறிந்த சங்கதி. இந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது உண்டாகும் மின் அதிர்வைத் திரைக் கேபிள் பிடித்துக்கொண்டு படம் அறுந்துபோகலாம் என்று, டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குக் குறிப்பே எழுதி வைத்திருக்கிறது.

நிரூபிக்க வேண்டாமா? நானே உட்கார்ந்து எழுந்தேன். மறுபடி உட்கார்ந்து எழுந்தேன். எட்டாவது தடவை திரை அணைந்தது. "ஆஹா!" என்று கத்தினேன். வாசற்படியில் அத்தானின் அம்மா.

"என்னப்பா, மானிட்டருக்குத் தோப்புக்கரணமா? பிள்ளையாருக்குப் போட்டாலாவது பலன் உண்டு!"

நாற்காலிப் பொறியும் மோட்டார் பொறியும் எல்லா வீட்டிலும் உண்டு. எல்லார் வீட்டுத் திரையும் அணைவதில்லையே? அப்படியானால் அந்தப் பொறி இந்தப் பெட்டியில் மட்டும் ஏன் போக்கிடம் இல்லாமல் அலைகிறது? இதை நான் சத்தமாக யோசித்துக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த அக்கா போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாள்.

"அந்தப் பொட்டியைத் தொட்டாலே எறும்பு கடிச்சாப்பல சுரீர்ங்கும்டா. பெருக்கறப்ப நான் கிட்டவே போறதில்ல."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு ரெண்டு வருஷம். ஃபிரிட்ஜ் கூட அப்படித்தான். பாத்ரூம் ஹீட்டர் குழாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அதான் அத்தான் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டிருக்காரே! செருப்பு போட்டுக்கிட்டுத் திறந்தா ஒண்ணும் தெரியாது."

காபி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

* * *

நம் பிளக்கில் மூன்று கால் இருக்கிறதே, அதில் மேலே உள்ள தடிக்காலைக் கவனித்திருக்கிறீர்களா? மற்ற இரண்டையும்விட நீளம், பருமன். மாட்டும்போது முதலில் தொட வேண்டும், கழற்றும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதுதான் எர்த். கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ், ஹீட்டர், எல்லாவற்றின் இரும்பு உடம்பும் அந்தக் காலின் வழியாக ஒரே கம்பியில் சேர்ந்து, தோட்டத்தில் மண்ணுக்குள் இறங்க வேண்டும். வேண்டாத மின்சாரத்துக்கு அதுதான் சாக்கடை.

அந்தக் கம்பி மண்ணுக்குப் போகாமல் நடுவில் அறுந்திருந்தால்? கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி எப்போதும் துளி மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாமல் அது பெட்டி உடம்பில் தங்கி சுரீர் என்று கிள்ளும். அது கிள்ளல்தான், கொலை இல்லை. ஆனால் எல்லாச் சாமானின் மூன்றாவது காலும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதே! ஹீட்டர் காயில் கசிந்தால் அந்தக் கசிவு ஃபிரிட்ஜுக்கும் வரும், கம்ப்யூட்டருக்கும் வரும், ஈரக் கையோடு குழாயைத் திறக்கிறவர் மேலும் வரும்.

எலெக்ட்ரீஷியன் வந்தார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் பிடித்தார். எரிந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது. எரியவில்லை. (இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அவர் தொழில் தெரிந்தவர்.) கம்பி போகும் வழியைத் தேடிக்கொண்டே போர்ட்டிகோவுக்கு வந்தார். "சார், இங்க எப்ப டைல்ஸ் போட்டீங்க?"

அத்தான் பதில் சொல்ல ஒரு நிமிஷம் ஆயிற்று. "ரெண்டு வருஷம் ஆச்சு."

டைல்ஸ் போட்டவர்கள் எர்த் கம்பியை வெட்டிவிட்டு, குழிக்கு மேலேயே சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று முதல் அந்த வீட்டுக்கு எர்த் கிடையாது.

தோட்டத்தில் புதுக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடித் தண்ணீர் ஊற்றினார்கள். கூடவே மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. இதன் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் விழுந்தால், கணக்கு டாலி ஆகவில்லை என்று கண்மூடித் திறப்பதற்குள் கரண்டைத் துண்டித்துவிடும். பி.காம். படித்த சுவிட்ச்!

எல்லாம் முடிந்து ஹீட்டர் சுவிட்சைத் தட்டினார். டப்! ஆர்.சி.சி.பி. விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி டப்! ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காயில் உறை வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது.

"இத்தனை நாள் செருப்புதான் சார் உங்களைக் காப்பாத்தியிருக்கு. என்னிக்காவது யாராவது செருப்பை மறந்திருந்தா..." என்று நிறுத்தினார் எலெக்ட்ரீஷியன். முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அக்கா பாத்ரூம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எர்த் வேலைக்கும் சாமானுக்கும் புது ஹீட்டருக்கும் சேர்த்து ஆன செலவு, கடைக்காரர் சொன்ன 32,000-ல் பாதிகூட இல்லை.

திரை? அன்று மோட்டார் போட்டோம், நிறுத்தினோம். நான் நாற்காலியில் இருபது தடவை எழுந்து உட்கார்ந்தேன். ஒரு இமைகூடக் கொட்டவில்லை. பையன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அத்தான் அலமாரியிலிருந்து டைரியை எடுத்தார். நாற்பதாயிரம் என்று எழுதியிருந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "அந்தப் பொட்டி கத்திக்கிட்டே இருந்திருக்கு. நமக்குத்தான் கேக்கலை" என்றார். பையனிடம் இல்லை, என்னிடம். ஆனால் பையன் காதில் விழுகிற மாதிரி.

உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜோ, கிரைண்டரோ, கம்ப்யூட்டர் பெட்டியோ தொட்டால் சுரீர் என்கிறதா? செருப்பு வாங்காதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்றைக்கே.

வெற்றிக் களிப்பில் வாசலுக்கு வந்தேன். அத்தானின் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சரியாயிடுச்சு அத்தை. எர்த்துதான் காரணம்."

"எர்த்தாவது கிர்த்தாவது! காலையிலதான் பழைய எலுமிச்சம்பழத்தை எடுத்துட்டுப் புதுசு கட்டினேன். உடனே நின்னுடுச்சு பாத்தியா?"

வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான். அன்றைக்கு அந்த வீட்டில் மாறியது இரண்டு!